சங்கிலி ஒலித்தது, டிஸ்க்கைக் காணவில்லை: மரங்களுக்குள் டிஸ்க் கோல்ஃப் ஆடியவர்களின் அனுபவங்கள்

இலையடி

ஒரே ஒரு சத்தம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டுப்போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் குறைந்த வீச்சுகளில் சேர்க்கும் ஆட்டம். போட்டிச் சுற்றின் பின்பாதி, இடப்பக்கமாக வளையும் ஒரு பார் 3 ஹோல், அதாவது மூன்று வீச்சுகளில் முடிக்க வேண்டியதாகக் கணக்கிட்ட ஒரு தடப்பகுதி. எறிமேடையிலிருந்து பார்த்தால் கூடை தெரியாது. மரங்களுக்கு நடுவே வழி கொஞ்ச தூரம் போய்த் திரும்பி மறைவது மட்டும் தெரியும். நான் வலக்கை ஆட்டக்காரன் என்பதால் நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் டிஸ்க் ஒன்றை பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் முறையில்), வெளிவிளிம்பு தாழ்ந்த இலேசான ஹைசர் சாய்வோடு விட்டேன். அது முதல் இடைவெளியை எதிலும் உரசாமல் கடந்து, வளைவில் இடப்பக்கம் சரிந்து, பார்வையிலிருந்து மறைந்தது. அடுத்த விநாடியே சங்கிலிகள் குலுங்கும் ஓசை கேட்டது. குழுவில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. ஒருவர் கைகொடுத்து வாழ்த்தியும் விட்டார்.

கூடையருகே சென்றபோது உள்ளே ஒன்றும் இல்லை. சங்கிலிகள் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தன, கீழே கணுக்கால் அளவுக்குச் சருகு கிடந்தது. தேடத் தொடங்கியதிலிருந்து 3 நிமிடங்களே விதி தரும் அவகாசம் என்பதால், எல்லோரும் காலால் சருகைத் துழாவியபடி கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கிடைக்கவில்லை. டிஸ்க் தொலைந்ததாக அறிவிக்கப்பட்டு, ஒரு அபராத வீச்சையும் ஏற்று, எறிமேடைக்குத் திரும்பி நடந்து மூன்றாவது வீச்சை எறிந்தேன். கைகொடுத்தவரின் முகத்தை அதன்பின் நான் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஓசை எதிலிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இதுபோல் விடை கிடைக்காமல் நின்றுபோன ஏதேனும் உங்களுக்கும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பாதிக்கிளை

இலையடி அவர்களுக்கு ஓசை என்றால் எனக்கு ஒரு புதர். எதிராட்டக்காரரின் டிஸ்க் ஓர் அடர்ந்த புதரை ஒட்டி விழுந்தது. டிஸ்க் கிடந்ததாகக் குறித்த இடத்துக்குப் பின்னால் 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட பரப்புக்குள் ஒரு காலேனும் ஊன்றியிருக்க வேண்டும் என்பதும், நிலையெடுக்கும்போது செடிகொடிகளை இயன்றவரை குறைவாகவே அசைக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் என்ன செய்தார் தெரியுமா? முதுகைப் புதருக்குக் கொடுத்து, பின்னோக்கி ஓர் அடி, இன்னோர் அடி என்று நகர்ந்து, கைவீச்சைத் தடுத்துக்கொண்டிருந்த கிளைகள் அனைத்தையும் தோளாலும் இடுப்பாலும் ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்ததுபோல் ஆன இடத்திலிருந்து நிதானமாக எறிந்தார். புதர் மெல்ல நிமிர்ந்து பழைய இடத்துக்கு வந்தது.

நான் உடனே விதிமீறல் என்று சொன்னேன். ஒருவர் சொன்னால் மட்டும் செல்லாது, குழுவில் இன்னொருவரும் ஆமோதிக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். மூன்றாமவர் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த தம் காலணியின் நாடாவைக் குனிந்து மறுபடி கட்டத் தொடங்கியிருந்தார். எனக்கு அந்தப் புதரைவிட அந்த நாடாதான் அதிகம் நினைவுக்கு வருகிறது.

எறியும் வேகத்தில் கை பட்டு இலை அசைவது வேறு. எறிவதற்கு முன்பே கிளையை வளைத்து வழி செய்துகொள்வது வேறு. உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை நிற்கும் இடத்திலிருந்து எடுத்துப் போடலாம், ஆனால் மரத்தோடு ஒட்டியிருக்கும் முறிந்த கிளையைத் தொடக் கூடாது. மரங்களுக்குள் ஆடுகிறவர்கள் இவ்வளவாவது படித்துவிட்டு வரலாம்.

நேர்கோடு

இலையடி அவர்களின் புதிருக்கு என் விடை எளிது. டிஸ்க் சங்கிலியில் பட்டது, தங்கவில்லை. எட் ஹெட்ரிக் 1970களில் சங்கிலிக் கூடையை உருவாக்குவதற்கு முன் மரங்களையும் கம்பங்களையும் இலக்காக வைத்து ஆடினார்கள். பட்டதா, படவில்லையா என்ற வாக்குவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வந்தவைதான் இந்தச் சங்கிலிகள். ஆனால் சங்கிலியில் பட்டால் மட்டும் கணக்கில் வராது, கூடையிலோ சங்கிலியிலோ தங்கி நிற்க வேண்டும். ஓரச் சங்கிலியில் பட்டுத் தெறித்த டிஸ்க் விளிம்பில் இறங்கிச் சக்கரமாக உருண்டால் வெகுதூரம் போகும். நீங்கள் கூடையைச் சுற்றியே தேடியிருக்கிறீர்கள்; சரிவின் அடியில் தேடியிருக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. எறிமேடைக்கு மிக அருகில் இருந்த ஒரு மரத்தின் நட்ட நடுவில் டிஸ்க் மோதி, என் தலைக்கு மேல் திரும்பிப் பறந்து, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவரின் பையருகே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து என்னிடம் நீட்டிய பணிவை என்னால் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு சிந்தித்துச் சில முடிவுகளுக்கு வந்தேன். மரம் என்பது 90 விழுக்காடு காற்று என்று இந்த விளையாட்டில் ஓர் ஆறுதல் மொழி உண்டு. அது உண்மையன்று. இலைகளும் மெல்லிய கொப்புகளும் வேகத்தைக் கொன்றுவிடும். விரல் பருமனுள்ள இளங்கன்று ஒன்று போதும், பெருமரத்தைப்போலவே டிஸ்க்கை நிறுத்திவிடும். ஆகவே காற்றை நம்பாமல் இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்குதான் பலருக்குக் கண் ஏமாற்றுகிறது. 25 மீட்டர் தொலைவில் 3 மீட்டர் அகல இடைவெளியும், 10 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் அகல இடைவெளியும் இருந்தால் பெரும்பாலோர் அகலமானதையே நாடுவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: முதலாவதில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 3.4 டிகிரி பிழைக்குத்தான் இடமுண்டு, இரண்டாவதிலோ 5.7 டிகிரி. டிஸ்க்கின் ஏறக்குறைய 21 செ.மீ. அகலத்தைக் கழித்தால் இரண்டுமே இன்னும் சுருங்கும். அருகிலிருக்கும் ஒடுக்கமான வாசல் தொலைவிலிருக்கும் அகலமான வாசலைவிட எளிது. அதைத் தாண்டிய பிறகு டிஸ்க் எங்கே போகிறது என்பது அடுத்த கவலை.

டிஸ்க்குகள் விஷயத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பீட் (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (தொடக்கத் திரும்பல்), ஃபேட் (கடைசிச் சரிவு) என்று நான்கு எண்கள் பெரும்பாலான டிஸ்க்குகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பீட் 12 கொண்ட டிரைவர், அதாவது தூர வீச்சுக்கான டிஸ்க், அதற்குரிய வேகம் கிடைத்தால்தான் நேராகப் போகும். கிடைக்காவிட்டால் வலக்கை பேக்ஹேண்டில் சீக்கிரமே இடப்பக்கம் வெட்டி இறங்கிவிடும். இடப்பக்கத்தில் மரம் இருக்கும். கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான, ஸ்பீட் 2 அல்லது 3 உள்ள பட்டரோ, 4 அல்லது 5 உள்ள மிட்ரேஞ்சோ மெதுவாக எறிந்தாலும் கோடு பிடித்துப் போகும். ஆகவே ஒடுங்கிய வழியில் முழுப் பலத்தையும் காட்ட வேண்டியதில்லை. மரத்தில் பலமுறை மோதிய டிஸ்க்கின் விளிம்பு தேய்ந்து, புதிதாக இருந்தபோது பறந்ததைவிட வலப்பக்கம் கூடுதலாகத் திரும்பத் தொடங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அத்தகைய பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் வலப்பக்கம் வளையும் வழிகளுக்கென்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பையில் பாதிக்கு மேல் டிரைவர்களை நிரப்பிக்கொண்டு மரங்களுக்குள் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

வழிப்போக்கி

நேர்கோடு அவர்களின் கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் வாசலுக்கு அகலம் மட்டுமன்று, உயரமும் உண்டு. தாழ்ந்த கிளைகள் கூரையாக நீண்டு கிடக்கும் வழியில் பட்டரை மெதுவாக எறிந்தால், தூரம் போவதற்கு அது மேலேற வேண்டும். ஏறினால் கிளையில் அடிபடும். அங்கே வேகமான டிஸ்க்கைத் தாழ்வாக, அதன் மூக்கை, அதாவது முன்விளிம்பை, தூக்காமல் விடுவதே வழி. அல்லது ஃபோர்ஹேண்டில் (கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி வீசும் முறையில்) தரையில் உருண்டு போகும் ஒரு ரோலர். டிரைவர் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு முன் அவர்கள் ஆடும் தடத்தின் கூரையையும் அவர் பார்க்கலாம்.

நான் எழுத வந்தது வேறு. நாங்கள் ஆடிய தடத்தில், கூடை தெரியாத ஒரு ஹோலின் வளைவில் நடைபாதை ஒன்று குறுக்கே சென்றது. எனக்கு முன் எறிந்தவரின் டிஸ்க் மரத்தில் பட்டு, யாரும் எதிர்பாராத கோணத்தில் அந்தப் பாதையை நோக்கித் தெறித்தது. அவர் வாய் திறக்கவில்லை. “ஃபோர்!” என்று எச்சரித்து நான்தான் கத்தினேன். வளைவுக்கப்பால் சென்று பார்த்தபோது நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். டிஸ்க் அவருக்கு ஓரெட்டுக்கு முன்னால், ஈரமண்ணில் பாதி விளிம்பு புதைந்து நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. ஏறக்குறைய 175 கிராம் எடையுள்ள, மெல்லிய விளிம்புடைய பொருள் அது. எறிந்தவர் வந்தார், அந்தப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை பேசாமல், டிஸ்க்கைப் பிடுங்குவதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொள்ள மினி என்ற சிறு குறிவட்டைத் தேடிப் பையைத் துழாவினார்.

அந்தப் பெண்மணி எழுந்து, “இங்கே நடக்கக் கூடாதா?” என்று கேட்டார். கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார். நடக்கலாம் என்றேன். பாதையில் ஆள் இருக்கும்போதோ, இருக்கக்கூடும் என்று தெரிந்தபோதோ எறியக் கூடாது என்பதுதான் முறை. வளைவில் ஒருவரைக் காவல் நிறுத்திவிட்டு எறிய ஒரு நிமிடம்கூட ஆகாது. எறிவதற்கு 30 விநாடி என்ற விதி பாதை காலியாக இருக்கும்போதுதான் பொருந்தும். அது தெரியாமல் அவசரப்படுகிறவர்களோடு நான் இப்போது ஆடுவதில்லை.

சருகுநிறம்

இலையடி அவர்களே, உங்கள் டிஸ்க் என்ன நிறம்? சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு கலந்த மஞ்சள் இவற்றில் ஒன்றென்றால் சருகுக்குள் போனது போனதுதான். எனக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. எல்லோரும் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லும் சிவப்பு டிஸ்க், புல்மேல் கிடந்தால் என் கண்ணில் படுவதே இல்லை. ஒருமுறை என் காலடியிலேயே கிடந்த டிஸ்க்கை எனக்குச் சுட்டிக்காட்ட ஒருவர் மண்டியிட்டு விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து வெளிர்நீலம் மட்டுமே வாங்குகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பக்கத்து ஹோலின் கூடை மரங்களுக்கு அந்தப்புறம் அருகில் இருந்ததா? காட்டுத்தடங்களில் ஹோல்கள் முதுகோடு முதுகாக வரும்; நீங்கள் கேட்டது வேறொருவர் அங்கே பட் செய்த, அதாவது அருகிலிருந்து கூடைக்குள் எறிந்த, ஓசையாக இருக்கலாம். அல்லது அந்தக் குழுவினர் உங்கள் டிஸ்க்கைத் தவறுதலாக எடுத்துச் சென்றிருக்கலாம். தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட டிஸ்க்கை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று போட்டி முடிவதற்குள் தெரியவந்தால் மொத்த எண்ணிக்கையிலிருந்து 2 வீச்சுகள் கழிக்கப்படும். அப்போதே விசாரித்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.

இலையடி

ஆரஞ்சு. பக்கத்துக் கூடை இருந்தது உண்மை, ஆனால் அங்கே ஆள் யாரும் தென்படவில்லை. நேர்கோடு அவர்கள் சொல்லும் சரிவும் அங்கே இல்லை, அது சமதரை.

உச்சாணி

சருகைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்கள் டிஸ்க் தரையிலாவது இருக்கிறது. எனது மேலே இருக்கிறது. பட்டர், எனக்கு மிகவும் பழகியது, கூடைக்குப் பின்னாலிருந்த மரத்தின் கவட்டில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, தட்டில் வைத்ததுபோல் படிந்து உட்கார்ந்துவிட்டது. 2 மீட்டருக்கு மேல் தங்கினால் ஒரு அபராத வீச்சு என்று உடனிருந்தவர் உறுதியாகச் சொன்னார். போட்டி இயக்குநர் அந்த விதி நடைமுறையில் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால்தான் அது பொருந்தும் என்று நான் சொன்னேன். அறிவிக்கவில்லை என்பது பிறகு தெளிவாயிற்று. டிஸ்க்குக்கு நேர் கீழே தரையில் குறித்துக்கொண்டு, அபராதமின்றிக் கைவசமிருந்த வேறொரு பட்டரால் ஆடி முடித்தேன்.

சுற்று முடிந்தபின் திரும்பி வந்து, அதைத் தட்டி விழவைக்க இன்னொரு டிஸ்க்கை எறிந்தேன். இரண்டாவது முதலாவதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நேர்கோடு

டிஸ்க்கை எடுக்க டிஸ்க்கை எறிவது எப்போதும் தவறு. மெல்லிய நைலான் கயிற்றின் முனையில் சிறு எடையைக் கட்டி, டிஸ்க் இருக்கும் கிளைக்கு மேலாக வீசி, இரு முனைகளையும் பிடித்து உலுக்க வேண்டும். எடை திரும்பி விழும் கோட்டில் நிற்கக் கூடாது. கயிறு குறைந்தது கிளை உயரத்தின் இருமடங்கு நீளம் இருக்க வேண்டும், முடிச்சுகள் இருக்கக் கூடாது. முடிச்சு கவட்டில் சிக்கும்.

உச்சாணி

மேலே சொன்ன ஆலோசனைப்படியே கயிறு கொண்டு போனேன், முடிச்சு ஒன்றும் இல்லை. கட்டியிருந்த எடைதான் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்து, அறுந்தபின், கையில் மிஞ்சிய பாதிக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.