நொதித் திரிபா, நொதிக் குறைபாடா?

ஐயா, வணக்கம்.

மூளைக் கட்டியில் ஐடிஹெச் என்ற நொதிக்கான (என்சைம்) மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ‘ஐடிஹெச் மியூட்டேஷன் டெஸ்ட்’டுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘நொதிக் குறைபாட்டுச் சோதனை’ சொல்ல எளிதாக இருக்கிறது, ஆனால் பொருள் தவறிவிடுகிறது. போன மாதம் சேலத்திலிருந்து என் அத்தை பெங்களூருக்கு வந்திருந்தார், மாமாவுக்கு மூளையில் கிளியோமா கட்டி, அறுவை முடிந்து திசு அறிக்கை கைக்கு வந்தது. டாக்டர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேச, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘ஐடிஹெச்1 ஆர்132ஹெச் பாசிட்டிவ்’ என்று ஒரு வரி, அந்த மாற்றம் கட்டியில் இருக்கிறது என்று பொருள். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “பாசிட்டிவ்னா கெட்டதுதானேப்பா?” என்றார். உண்மையில் கிளியோமாவில் அது இருப்பதுதான் இல்லாததைவிட நல்ல சேதி, அது உள்ளவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அந்த இடத்தில் ‘குறைபாடு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஐடிஹெச் நொதியின் வேலை ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுவது. அந்த நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 132ஆம் இடத்து ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்துவிட்டால் நொதி சும்மா இருப்பதில்லை, அந்த ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் ஆக்கத் தொடங்கிவிடுகிறது, அது செல்லுக்குள் குவிந்து மரபணுக்களின் இயக்கத்தைக் குழப்புகிறது. வேலை திரிந்துவிட்டது. பால் திரிந்தால் பால் குறைந்துவிட்டது என்றா சொல்கிறோம்?

அதனால்தான் மியூட்டேஷனை ‘திரிபு’ என்கிறேன். ‘சடுதிமாற்றம்’ என்றால் நேற்று ராத்திரி ஏதோ நடந்துவிட்டது போலக் கேட்கிறது, இந்தக் கட்டியோ பல வருடம் மெதுவாக வளர்வது. இலங்கையில் ‘விகாரம்’ என்கிறார்கள், இலக்கணம் படித்தவருக்கு அது அருமையான சொல்: தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம்தானே, மரபணுவிலும் ஓர் எழுத்து நுழையலாம், மாறலாம், விழலாம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல இங்கேயும் ஒரே எழுத்துதான் மாறுகிறது. ஆனால் நம் ஊரில் நோயாளியிடம் விகாரம் என்றால் முகம் கோணிப்போனதாகத்தான் படும்.

கொரோனாவின்போது ‘டெல்டா திரிபு’ என்று எழுதினார்களே, குழப்பம் வராதா என்று கேட்டிருந்தீர்கள். வராது என்றே நினைக்கிறேன், முன்னால் ‘நொதி’ இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில் பெரியவர்களின் கட்டியில் இந்தத் திரிபு இருந்தால் அதற்குக் கிளியோபிளாஸ்டோமா (கிளியோமாவில் மிகக் கொடிய வகை) என்ற பெயரே கிடையாது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோரசிடெனிப் மாத்திரையும் திரிந்த நொதியைத் தடுப்பதுதான். ஆக நோயின் பெயர், மருந்து இரண்டிலும் இந்தச் சொல் ஒட்டவேண்டும், ‘நொதித் திரிபுக் கட்டி’, ‘திரிநொதித் தடுப்பி’ என்று இது ஒட்டுகிறது.

அப்புறம் ஒன்று. இந்தத் திரிபு இல்லாத கட்டியை அறிக்கையில் ‘வைல்ட் டைப்’ என்பார்கள், அதற்கு யாரோ ‘இயல்பு வகை’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளியோமாவில் அதுதான் மோசமான வகை, அறிக்கையில் ‘இயல்பு’ என்று படித்துவிட்டு ஒரு குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும். ‘திரியாத வகை’ என்றே வைப்போம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் ‘திரிபு உண்டு’, ‘திரிபு இல்லை’ போதும்.