4 ஜிபி கார்டுல எத்தனை மணி நேரம் ஏறும்? (மலை ஊர்களுக்கு ஆடியோ பெட்டி)

சித்தேரி வாத்தியார்: பேச்சை மெமரி கார்டுல ஏத்தி, பட்டன் அமுக்கிக் கேட்கற ஆடியோ பெட்டியை மலை ஊர்களுக்குக் கொடுக்கலாம்ங்கற பேச்சுக்கு நேத்து ஓசூரான் எழுதினதைப் படிச்சு ராத்திரி தூக்கம் போச்சு. "மலை ஊருக்கு ஆடியோ பெட்டி தண்டம், 4 ஜிபி கார்டுல பத்து மணி நேரம்கூட ஏறாது, வாட்ஸ்ஆப்ல அனுப்பினா முடிஞ்சுது"ன்னு ஒரே போடு. பேச்சை 64 கேபிபிஎஸ் (ஒரு செகண்டு ஒலிக்கு எவ்வளவு டேட்டான்னு சொல்ற அளவு) எம்பி3 ஆக, அதாவது சுருக்கின ஃபைலா ஆக்கினா மணிக்கு 29 எம்பிதான். 4 ஜிபில 130 மணி நேரம் தாண்டும். 2007ல ஆரம்பிச்ச லிட்டரசி பிரிட்ஜ்ங்கற தொண்டு நிறுவனம், ஆப்பிரிக்காவுல கானா கிராமங்கள்ல டாக்கிங் புக்னு ஒரு பெட்டி கொடுத்துச்சு. படிக்கத் தெரியாதவங்களே பட்டன் அமுக்கி விவசாயம், பிள்ளை வளர்ப்பெல்லாம் கேட்டாங்க, தங்களோட குரலையும் பதிஞ்சு அனுப்பினாங்க.

ஓசூரான்: கானா வரைக்கும் போனவருக்கு ஓசூர் தெரியல. என் கார் பென்டிரைவ் 4 ஜிபி. 800 பாட்டோட மெமரி ஃபுல். 130 மணியாம்!

சித்தேரி வாத்தியார்: பாட்டுக்கு 5 நிமிஷம் வெச்சாலே அது 66 மணி நேரம் சார். உங்க பத்து மணியை நீங்களே கொன்னுட்டீங்க. பாட்டு 128 கேபிபிஎஸ்ல இருக்கும், அதான் நேரம் பாதி.

ஓசூரான்: நான் சொன்னது சுருக்காத வேவ் ஃபைல். ஆறு மணி நேரத்துலயே 4 ஜிபியும் காலி.

சித்தேரி வாத்தியார்: வேவ்னு நேத்து எங்க சொன்னீங்க? வரியைக் காட்டுங்க.

அரூர் செல்கடை: கார்டுல பாட்டு ஏத்தறதுதாங்க என் பொழப்பு. ஜிபி ஒரு பிரச்சனையே இல்ல. நோக்கியா பேட்டரி போடற அந்த சைனா பெட்டிங்கள்ல நிறைய, ஆஃப் பண்ணிட்டு போட்டா முதல் ஃபைல்லேந்து ஆரம்பிக்கும். 40வது ஃபைலுக்குப் போக 39 தடவை அமுக்கணும். கெழவி அமுக்குமா?

சித்தேரி வாத்தியார்: தம்பி, அது அப்புறம். முதல்ல 130ன்னு அவர் ஒத்துக்கட்டும்.

பெட்டமுகிலாளம் அக்கா: பெட்டி எந்த மொழியில பேசும்? எங்க பக்கம் வீட்டுல கன்னடம், தெலுங்கு பேசறவங்க நிறைய. மெட்ராஸ் குரல்ல "கர்ப்பிணித் தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சா, அழிச்சுட்டு சினிமாப் பாட்டு ஏத்திடுவாங்க.

ஓசூரான்: கேளுங்கக்கா! நாங்க 2004ல கிருஷ்ணகிரின்னு தனி மாவட்டம் ஆனதே தர்மபுரிக்காரங்களுக்கு இன்னும் ஜீரணம் ஆகல.

சித்தேரி வாத்தியார்: பிரிஞ்சது எங்களுக்குத்தான் நிம்மதி. பாலக்கோட்டு மாம்பழம் புளிக்கும்னு போன சீசன்ல எழுதினவர்தானே நீங்க? மறக்கல.

பெட்டமுகிலாளம் அக்கா: நான் கேட்டது மொழி. மாம்பழம் இல்ல.

சித்தேரி வாத்தியார்: 130 மணி நேரத்துல மூணு மொழியும் ஏறும்க்கா, அதுக்குத்தான் அந்தக் கணக்கு. 60கள்ல தஞ்சாவூர்ல ரேடியோவைக் கேட்டுத்தான் ஏடிடி 27ங்கற நெல் ரகத்தை விதைச்சாங்க. 'ரேடியோ நெல்'னே பேரு. ரேடியோன்னா அவன் சொல்ற நேரத்துக்கு உட்காரணும். பெட்டியை ஆடு மேய்க்கறப்பவும் திருப்பித் திருப்பிக் கேட்கலாம். சாமைக்கும் கேழ்வரகுக்கும் ஏன் ஆகாது? எங்க தர்மபுரி கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாம ஓட்டு மெஷினே கழுதை மேல போச்சு, இவர் வாட்ஸ்ஆப் எது மேல போகும்?

ஓசூரான்: அப்ப கழுதைக்கும் ஒரு பெட்டி கட்டி விடுங்க. செல்லுல ஃபைலை ஏத்தினா அதுவும் பிளேயர்தானே?

பெட்டமுகிலாளம் அக்கா: வீட்டுக்கு ஒரு செல்லு, அதுவும் ஆம்பளை சட்டைப் பையில. பிரசவச் சேதி அவருக்கா?

ஓசூரான்: அக்கா, உங்களோட எனக்குச் சண்டை இல்ல. 130ன்னு ஒருத்தர் அளந்து விட்டாரே, அவரோடதான். என் பென்டிரைவ் பொய் சொல்லாது.

அரூர் செல்கடை: அண்ணா, அந்த 39 தடவை...

சித்தேரி வாத்தியார்: இரு தம்பி. ஓசூரான், ராத்திரி கார்டுல ஏத்தி, ஸ்கிரீன்ஷாட்டோட வர்றேன். ஓடிடாதீங்க.