பழைய குரோம் முலாம் பட்டறை மனை: நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது எப்படி?

கும்பகோணம் பக்கம் ஒரு பழைய குரோம் முலாம் பட்டறை மனையில் வீடுகள் கட்டப் போகிறோம். பட்டறை 2009-ல் மூடியது. 40 அடி போரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம், தண்ணீரில் எளிதில் கரையும்) லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், குடிநீரில் மொத்த குரோமியமே 0.05-ஐத் தாண்டக்கூடாது. வெள்ளை வாளியில் பிடித்தால் இளமஞ்சள் தெரிகிறது.

முலாம் தொட்டி இருந்த இடத்து மண்ணை வெட்டி, உரிமம் பெற்ற கழிவுக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று. அப்புறம் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்தோம். இறைக்கும்வரை குறைகிறது, மோட்டாரை நிறுத்தினால் பழையபடி ஏறுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்து நிலத்தடி மட்டம் உயர்ந்தால் இன்னும் மோசம். ஆர்.ஓ. போடுங்கள் என்கிறார்கள்; சரி, அது குழாய்த் தண்ணீருக்கு ஆகும், நிலத்துக்கு?

இனி, அந்தக் குரோமியத்தை நச்சு குறைந்த, எளிதில் கரையாத வடிவமாக மாற்றும் ஃபெரஸ் சல்பேட் (ஓர் இரும்பு உப்பு) கரைசலை நிலத்துக்குள் செலுத்துவதுதான் பாக்கி. மேலே களிமண், கீழே மணல். இப்படிப்பட்ட மண்ணில் இதைச் செய்தவர்கள், செலுத்தும் போர்களை எத்தனை அடி இடைவெளியில் போட்டீர்கள்?