சுங்கம் விட்டது, கப்பல் விடலை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கோ

மாட்டுங்கா மாமி:
சிட்னியில் இருக்கிற பையன், அப்பா அம்மாவை அங்கேர்ந்து நியூசிலாந்து போற உல்லாசக் கப்பலில் கூட்டிண்டு போறேன்னு டிக்கெட் போட்டுட்டான். அவருக்கு ராத்திரி தயிர்சாதம் இல்லேன்னா தூக்கம் வராது. கிங்ஸ் சர்க்கிள் மார்க்கெட்டுக்கு நாலு நடை நடந்து பருப்புப்பொடி, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் சீல் போட்ட பாக்கெட்டா வாங்கினேன். வீட்டில் பண்ணினது ரெண்டே ரெண்டு: ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், பையனுக்காகத் திரட்டுப்பால். புடவை மடிப்புக்குள்ளே ஒரு கொத்து கறிவேப்பிலையும் வெச்சேன். அது புத்திசாலித்தனம்னு அப்போ நினைச்சேன்.

சிட்னி போற விமானத்திலேயே ஒரு கார்டு கொடுத்தா. சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேள்வி. "இல்லேன்னு போடு, வரிசை சீக்கிரம் நகரும்"னார் இவர். எனக்கு மனசு கேக்கலை, "ஆமாம்"னு டிக் பண்ணிட்டேன். பெட்டியைத் திறந்த பொண்ணு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா. திரட்டுப்பாலை ஓரமா வெச்சுட்டா. நம்ம நாட்டு மாடுகளுக்குக் கோமாரி வருமே, அது பாலில் செஞ்ச பண்டத்தோட உள்ளே வந்துடுமோன்னு அவாளுக்குப் பயம். கறிவேப்பிலையும் போச்சு. அது எலுமிச்சை, ஆரஞ்சு வம்சமாம், அதிலே ஒட்டிண்டு வர்ற பூச்சி அங்கே பழத்தோட்டத்தையே காலி பண்ணிடுமாம். முப்பது வருஷமா தாளிக்கிறேன், இந்த உறவு எனக்குத் தெரியாது! அபராதம் ஒரு காசு கிடையாது. எழுதாம மறைச்சிருந்தா கதை வேற. 2019-லேர்ந்து பெரிய தப்புன்னா விசாவையே ரத்து பண்ணலாம்னு சட்டம் இருக்குன்னு பையன் அப்புறம்தான் சொன்னான்.

புளிக்காய்ச்சலை மோந்து பார்த்து, சிரிச்சு, திருப்பிக் கொடுத்துட்டா.

நாலு நாள் கழிச்சுத் துறைமுகம். கப்பல்காரா எக்ஸ்ரேயில் அதே பாட்டில் மாட்டிண்டுது. "வீட்டில் செய்ததா? கூடாது." கடையில் வாங்கி, பிரிக்காத பாக்கெட் எத்தனை வேணும்னாலும் சரி, அடுப்பங்கரைச் சமாசாரம் ஒண்ணும் ஏறக் கூடாதுன்னா. ஒரு நாட்டு சுங்கமே விட்ட புளிக்காய்ச்சல் ஏணிப்படியில் நின்னு போச்சு. குட்டி எலெக்ட்ரிக் குக்கரை டேக் போட்டு எடுத்து வெச்சு, இறங்கும்போது கொடுத்தா. அறைக்குள்ளே சூடாகிற சாமான் எதுவும் ஆகாதாம், தீப்பயம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. பஃபேயில் வெள்ளைச் சாதமும் தயிரும் தினம் இருந்தது, ஊறுகாய் நம்மோடது. முதல் நாள் ராத்திரியே தலைமை வெயிட்டர்கிட்டே சொல்லி வெச்சா மறுநாளைக்குப் பருப்பு, சப்பாத்தி பண்ணித் தந்தா.

ஆக்லாந்தில் இறங்கறச்சே இவர் கைப்பையில் காலையில் எடுத்த ஆப்பிள்! படியிறங்கினா மோப்ப நாய் நிக்கறது. நல்ல வேளை, முன்னாடியே குப்பைத் தொட்டி வெச்சிருந்தா, போட்டுட்டார். அங்கே சொல்லாம கொண்டுபோனா 400 நியூசிலாந்து டாலர், நின்ன இடத்திலேயே.

செம்பூர்வாசி:
மாமி, என் கதை அமெரிக்காவில், சியாட்டில். அலாஸ்கா கப்பலுக்கு முன்னாடி மகள் வீட்டில் ஒரு வாரம். மாவு அரைக்க ரெண்டு கிலோ இட்லி அரிசி எடுத்துப் போனேன். படிவத்தில் எழுதியும் இருந்தேன். அதிகாரி அரிசியை மட்டும் எடுத்துக்கிட்டார். கப்ரா வண்டுன்னு ஒண்ணு, தானியத்தை நாசம் பண்ற பூச்சி, ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்குமாம். அதோட புழு தீனியே இல்லாம வருஷக்கணக்கா இடுக்கில் கிடக்கும். அது இருக்கிற நாடுகள்லேருந்து பயணிகள் பெட்டியில் அரிசி வரக்கூடாதுங்கிறது சட்டம். ஊறுகாய், அப்பளத்தைத் தொடவே இல்லை. மகள் சொன்னாள்: "அப்பா, தெருமுனை இந்தியக் கடையில் இதே அரிசி இருக்கு."

தாராவி தம்பி:
நமக்கு துபாய் கப்பல். அம்மா குருமாப்பொடி இடிச்சிக் கட்டி வச்சிருந்தாவ. 90 அடி ரோட்டுல நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டாரு: "ஏல, அதுல கசகசா கெடக்கா?" கெடந்துச்சு. அமீரகத்துல அதுக்குத் தடை, அபினிச் செடி வெதைல்லா அது! நம்ம ஊருல கிலோ கணக்குல விக்கிற சாமான், அங்க போனா போதைப்பொருள் கேசு. ராத்திரி பதினோரு மணிக்குப் பொட்டணத்தை வெளிய எடுத்தோம். கடையில வாங்குன மசாலா பாக்கெட்டுலயும் பின்பக்கம் திருப்பிப் பாத்துக்கிடுங்க. சீல் இருந்தாலும் உள்ள இருக்கது அதுதான்.

முலுண்ட் ஆள்:
எனக்கு வெளிநாடு வரைக்கும் போகவே வேண்டியிருக்கலை. மும்பை ஏர்போர்ட்டிலேயே செக்-இன் பெட்டியைத் திறக்கச் சொல்லி முழுக் கொப்பரையை எடுத்துட்டாங்க. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாவே தீப்பிடிக்கக்கூடிய பொருள் பட்டியலில் இருக்காம்.

செம்பூர்வாசி:
@தாராவி தம்பி, அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு.

முலுண்ட் ஆள்:
அடுத்த மாசம் நாங்களும் சிட்னி. அம்மா இப்பவே பால்கோவா கிளற நாள் பார்க்கிறாங்க.

மாட்டுங்கா மாமி:
கிளறட்டும், நீங்க ஏர்போர்ட் கிளம்பறதுக்குள்ளே சாப்பிட்டு முடிச்சுடுங்கோ. மிச்சமிருந்தா மாட்டுங்காவுக்கு அனுப்புங்கோ.