கீமோ, டயாலிசிஸ் காலத்தில் சிறு கோழிகள் வளர்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பவானிவாசி:

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, எல்லோரும் சிவப்பு மருந்து என்று அஞ்சும் டாக்சோரூபிசின் ஏற்றத் தொடங்கியிருந்த நேரத்தில், பட்டுப்போன்ற இறகுள்ள சில்கி இனத்து எங்கள் கோழி அடைக்கு உட்கார்ந்தது. சில்கி வளர்த்தவர்களுக்கு அதன் அடைப் பிடிவாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைப்படையில் ஏழு முட்டைகளை என் நாத்தனார்தான் வைத்தார். எனக்கு ஒரு சுற்று மருந்துக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 21 நாள், முட்டை பொரிக்கக் கோழிக்கும் 21 நாள் என்பதால், வீட்டு நாட்காட்டியில் இரண்டு கணக்கும் ஒரே கட்டங்களில் ஓடின.

மருந்து ஏற்றிய பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் என்றும், அந்த நாட்களில் மட்டுமல்லாமல் சிகிச்சை முடியும் வரை கோழிகளைத் தொடவே கூடாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் கூண்டு பின்கட்டுக்கு வெளியே போனது; நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அடைகோழி நாளுக்கு ஒரு முறைதான் முட்டையை விட்டு இறங்கும். இறங்கி, கொஞ்சம் கம்பு கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். வாயெல்லாம் புண்ணாகி எதையும் விழுங்க முடியாதிருந்த நான், அது இறங்கும் நேரத்தில் என் கஞ்சியையும் எடுத்துக்கொள்வது என்று பழக்கிக்கொண்டேன்.

நான் எழுத வந்தது ஒரு நாளைப் பற்றி மட்டுமே. கரு பிடித்திருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பார்ப்பதற்காக நாத்தனார் கோழியைத் தூக்கினார். அதன் நெஞ்சில் இறகே இல்லை. முட்டைக்குத் தன் உடல் சூடு நேராகப் படவேண்டும் என்பதற்காக அடைகோழி நெஞ்சிறகை உதிர்த்துவிடும் என்பது எனக்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் தலைமுடி முழுவதும் உதிர்ந்து, நெஞ்சின் ஒரு பக்கம் தையல் தழும்போடு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் கறுத்த வெற்றுத் தோலைக் கண்டதும் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. நாத்தனார் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். "முட்டை ஆறிவிடும், முதலில் கோழியைக் கீழே விடுங்கள்" என்று நான் உரக்கச் சொன்னேன். சாப்பிடு, படு, எழுந்திரு, மாத்திரை போடு என்று எல்லோரும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், அறுவைக்குப் பின் நான் இன்னொருவருக்குச் சொன்ன முதல் கட்டளை அது. நாத்தனார் உடனே கீழ்ப்படிந்தார். அந்தக் குரல் என்னிடம் இன்னும் இருந்தது என்பதை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஐந்து குஞ்சுகள் பொரித்தன.

மேலூர்க்காரன்:

சகோதரியின் பதிவைப் படித்த பிறகு நானும் எழுதத் துணிந்தேன். வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். இடது முன்கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த அந்த இடத்தில் கையை வைத்தால் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருப்பதை இங்கே பலரும் அறிவீர்கள். காலையில் கண் விழித்ததும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

எங்களிடம் ஒரு சேவலும் நான்கு பெட்டைகளுமாகப் பேன்டம் எனப்படும் சிற்றினக் கோழிகள் உண்டு. அவற்றில் புள்ளிப் பெட்டை என் மடியில் ஏறி உட்காரும். டயாலிசிஸ் முடிந்து வந்து எழ முடியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஒரு மாலையில் அது என் இடது கை ஓரமாக வந்து படுத்து, தலையைச் சாய்த்து ஃபிஸ்டுலாவின் மேல் வைத்தது. உடனே தலையைத் தூக்கி ஒரு கண்ணால் அந்த இடத்தை உற்றுப் பார்த்தது. பிறகு மறுபடி வைத்தது. இப்படிப் பலமுறை செய்தபின் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டது. முட்டைக்குள் குஞ்சு அசைவதைக் கோழி கேட்கும் என்பார்கள். என் கையில் ஓடும் அதிர்வை அது என்னவென்று எண்ணியதோ தெரியவில்லை. என் மனைவியும் மகனும்கூட அந்த இடத்தைத் தொடத் தயங்குவார்கள். தயங்காமல் தொட்ட உயிர் அது ஒன்றுதான்.

எனக்குப் பாஸ்பரஸ் கட்டுப்பாடு உள்ளதால் வெள்ளைக்கருவை மட்டும் உண்கிறேன். மஞ்சள்கரு பேரனுக்குப் போகிறது. பேன்டம் முட்டை சிறியது என்பதால் இரண்டு மூன்று சேர்ந்தால்தான் ஒருவேளைக்கு ஆகும்.

திருச்சி செவிலி:

மேலூர் ஐயாவின் பதிவு நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஃபிஸ்டுலா உள்ள கையின் மேல் கோழியைப் படுக்க விடுவது ஆபத்தானது. தமனியின் அழுத்தத்தோடு இரத்தம் ஓடும் சிரை அது. அதன் மேல் தோல் ஊசி பட்டுப் பட்டு மெலிந்திருக்கும். ஓசை கேட்டுத் துள்ளும் கோழியின் நகம் அங்கே கீறினால் இரத்தப்போக்கு எளிதில் நிற்காது. கிருமி புகுந்தால் அந்த ஃபிஸ்டுலாவையே இழக்க நேரிடலாம். அந்தக் கையால் தீவன மூட்டையையும் தூக்கக் கூடாது.

என் அனுபவம் சிறியது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை எடுத்துவந்த என் சித்தப்பா சில பேன்டம் கோழிகளை வளர்த்தார். ஒரு நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தபோது, வெயிலில் அலைந்த களைப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். நான் பணி முடிந்து போய்ப் பார்த்தபோது அவருக்கு என் முகம் அடையாளம் தெரியவில்லை. மலப் பரிசோதனையில் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி இருப்பது தெரிந்தது. அது கோழியிடமிருந்து வந்ததா உணவிலிருந்து வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவர் பிழைத்துக்கொண்டார். "என்னைத் தெரியவில்லையா சித்தப்பா" என்று நான் கேட்டதற்கு அவர் மிகுந்த மரியாதையோடு "உட்காருங்கள் அம்மா" என்று சொன்ன அந்தக் கணம் என்னை விட்டு அகலவே இல்லை.

ஆகவே, கேட்காமலே சொல்கிறேன் என்று யாரும் வருந்த வேண்டாம். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும்; குஞ்சுகளைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோர் கோழிகளைக் கையில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கூண்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நலமாக உள்ள வேறொருவர் ஏற்கட்டும். அவரும் உலர்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளட்டும், முகக்கவசம் அணியட்டும். கூண்டுப் பக்கம் போக ஒரு தனிச் செருப்பு இருக்கட்டும், அது வாசற்படியைத் தாண்டக் கூடாது. கோழியையோ முட்டையையோ தொட்டால் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். முட்டையை மஞ்சள்கருவும் வெள்ளைக்கருவும் கெட்டியாகும் வரை வேகவைத்து உண்ணுங்கள். அரைவேக்காடு, பச்சை முட்டை இரண்டும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்கக் குஞ்சின் கண்ணில் விடும் லசோட்டா சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ். அது மனிதர் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து நீர் வடியும். கீமோ எடுப்பவர்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, கீமோ எடுப்பவருக்கோ மாற்று அறுவை செய்தவருக்கோ 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், மாத்திரை போட்டுக் காத்திருக்காமல், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பவானிச் சகோதரி சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததுதான் சரியான வழி. முகக்கவசமும் கை கழுவுதலும் இருந்தால் எந்த நோயாளியும் கோழிகளை விட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பொள்ளாச்சி மகன்:

செவிலி அக்கா எழுதியவற்றில் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கிருமியால் வரும் நோய்க்கு அது பொருந்தலாம். என் அப்பாவுக்கு வந்தது கிருமியால் வந்ததன்று. கோழியின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்களை மூச்சில் இழுத்து இழுத்து, நுரையீரலே அவற்றுக்கு எதிராகக் கிளர்ந்து தழும்பாகிப் போன நோய் அது. புறா வளர்ப்பவர்களுக்கு வருவதாகச் சொல்வார்கள். கோழி வளர்த்தாலும் வரும். இருமலையும் மூச்சிரைப்பையும் நாங்கள் நெடுங்காலம் ஆஸ்துமா என்றே எண்ணியிருந்தோம். சிடி ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் புறா, கோழி ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்பதுதான். இந்த நோய்க்கு முகக்கவசம் போதாது, கை கழுவுவதால் பயனில்லை. பறவைகளை வீட்டை விட்டு அனுப்புவதே சிகிச்சையின் முதல் படி, ஸ்டீராய்டு மாத்திரை அதற்குப் பிறகுதான். பறவைகள் போன பின்னும் தூள் வீட்டில் நெடுநாள் தங்கும் என்பதால் பரண் வரை கழுவ வேண்டியிருந்தது.

கோழிகளை வாங்கிக்கொள்ள ஒரு இளைஞர் வந்தார். அப்பா முற்றத்துக்கு வரக்கூடாது என்று நாங்கள் தடுத்ததால், சாளரத்தருகே நின்று அவரிடம் பேசினார். வெள்ளைப் பெட்டை தகரத் தட்டில் வைத்தால் தின்னாது, மண் சட்டியில் வைக்க வேண்டும் என்றார். சிவப்பு விடைக்கோழி இடி இடித்தால் பஞ்சாரத்துக்குள் வராது, முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும், மழை நின்றதும் தானே இறங்கும், கல்லெறிந்து இறக்கக் கூடாது என்றார். சேவலின் வலது கண்ணில் பார்வை மங்கல், அந்தப் பக்கமாக நெருங்கினால்தான் கொத்தும் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டார். அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டு, சட்டியையும் கேட்டு வாங்கிப் போனார். என் குழந்தைப் பருவத்தைப் பற்றி அப்பா யாரிடமாவது இவ்வளவு நுணுக்கமாகப் பேசிக் கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குள் இவ்வளவு கவனம் இருந்ததை அன்றுதான் நேரில் கண்டேன். இருமல் குறைந்தது, தழும்பு மாறவில்லை. கோழி வளர்ப்பவர்களுக்கு உலர் இருமல் விடாமல் இருந்தால், கோழி வளர்ப்பதை மருத்துவரிடம் தாங்களாகவே சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். சும்மா இருக்கும்போது நடுங்கும் கை, கம்புத் தானியத்தை வீசும்போது நடுங்குவதில்லை என்பதை எங்கள் பேன்டம் கோழிகளுக்குத் தீவனம் போடும் நேரத்தில்தான் கவனித்தோம். இந்த நோயின் நடுக்கம் ஓய்வில் கூடி, வேலையில் குறையும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார்.

மறக்க முடியாதது வேறு. வாசற்படி வந்தால் அம்மாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்றாலும் கால் எழாது. ஒரு காலை அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிவருவதற்குள், குட்டையான கறுப்புப் பெட்டை அவர் பாதத்துக்கு முன் குறுக்கே வந்து நின்றது. அதை மிதித்துவிடக் கூடாது என்று அம்மா காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தார், நடை தொடர்ந்தது. தரையில் ஒரு கோடோ ஒரு பொருளோ தெரிந்தால் உறைந்த கால் எழும் என்பது இந்த நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சியே. இப்போது வாசலில் மஞ்சள் நிற ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறோம், ஏனென்றால் கோழி காலுக்குள் புகுந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும் அச்சமும் இருக்கிறது. ஆனாலும் முதலில் அந்த வழியைக் காட்டியது கறுப்புப் பெட்டைதான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறார்.

தஞ்சைத் தாய்:

என் மகனுக்கு இரத்தப் புற்றுநோய். கடுமையான கட்டங்கள் முடிந்து, தினமும் மாத்திரை எடுக்கும் பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறான். அவன் மாமா மலேசியாவின் கிளந்தான் பகுதியில் தோன்றிய செராமா இனத்தில் ஒரு சோடி வாங்கித் தந்தார். அரைக் கிலோகூட எடை இராது, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். செவிலிச் சகோதரி சொன்ன விதிகள் எங்கள் வீட்டில் முன்பே உண்டு: அவன் வலைக்கு வெளியே நிற்பான், நான்தான் உள்ளே போவேன்.

அவன் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் படுத்திருந்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் தெருவுக்கே வந்தது. சேவல் செத்தது. பெட்டை பிழைத்தது, ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டது. மகனிடம் மறைத்துவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் மருத்துவமனைப் படுக்கையருகிலேயே சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. "பெட்டைக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. சேவல் செத்தது பெட்டைக்குத் தெரியுமா என்று கேட்டானா, தனக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அதற்குத் தெரியுமா என்று கேட்டானா என்பதை இன்றுவரை நான் அவனிடம் கேட்கவில்லை.

இந்தப் பெட்டையைக் கொன்றுவிடச் சொல்கிறார்கள்; அவன் சம்மதிக்கவில்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறான். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தின்னக் கொடுக்கும் தடுப்பு மருந்துக் குருணையைப் பற்றியும் படித்துவிட்டு, தெருவிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்கிறான். பெட்டை தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு பக்கத்தில் விழுகிறது, சுற்றிச் சுற்றிக் களைத்துவிடுகிறது. பிசைந்த தீவனத்தை ஆழமான கிண்ணத்தில் வைத்தால் ஓரளவு தின்கிறது. அவன் வலைக்கு வெளியே நின்று, "இடது பக்கம் வை அம்மா, இன்னும் தாழ்த்து" என்று சொல்லச் சொல்ல நான் வைக்கிறேன். கழுத்து முறுக்கிய கோழியை நீண்ட நாள் வைத்துக் காப்பாற்றியவர்கள் இங்கே இருந்தால், தீவனத்தை எப்படிக் கொடுத்தீர்கள், கழுத்து நேரானதா, எத்தனை மாதம் ஆனது என்று எழுதுங்கள். அவன் உட்கார்ந்து படிப்பான்.