வீடு கட்டும் கருவிகளோடு எல்லை தாண்டிய அனுபவம்

சொந்த வீடு கட்டக் கருவிகளை வேறு நாட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் எல்லாருமே வரி எவ்வளவு வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை சுங்கத்தில் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. இந்தச் சாமான் திரும்பி வருமா, அங்கேயே தங்கிவிடுமா? இதற்கு நேரான பதிலும் அதற்கு ஒரு காகிதமும் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நான் தரைவழியாகக் காரில் போனேன். டிக்கியில் டிமாலிஷன் ஹாமர், ஆங்கிள் கிரைண்டர், டைல்ஸ் கட்டர், லேசர் லெவல், கூடவே கரண்டி, மட்டக்கோல், தூக்குக்குண்டு. அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க கூலி வேலைக்குப் போறீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான், விசிட் விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களை அவர்கள் தேடத்தானே செய்வார்கள். மனைப் பத்திரத்தின் நகலையும் கட்டட அனுமதியையும் காட்டினேன், இரண்டிலும் என் பெயர்தான். அப்புறம் ஒரு பட்டியலைக் கொடுத்தேன். கருவியின் பெயர், மாடல், சீரியல் எண், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு எல்லாம் அதில் இருந்தது. அவர் கிரைண்டரைக் கையில் எடுத்துத் திருப்பி, தூசி படிந்த தகட்டைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படித்து, பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஹாமருக்கும் அதே. மற்றதைத் தொடவே இல்லை. பிரிக்காத டைமண்ட் பிளேடுகளையும் ஸ்குரூ டப்பாக்களையும் தனிப் பெட்டியில் பில்லோடு வைத்திருந்தேன். இதெல்லாம் அங்கேயே செலவாகிவிடும் என்று நானே சொன்னேன், அதற்கு மட்டும் வரி போட்டார்கள். புதுச் சாமானின் அட்டைப்பெட்டியைக் கிழித்தெறிந்து பழசு மாதிரி காட்டச் சொல்லும் ஆட்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பிடிபட்டால் சாமானும் போகும், அபராதமும் வரும்.

ஏடிஏ கார்னெட் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1961 உடன்படிக்கையில் வந்த ஆவணம் அது, அதிகபட்சம் ஓராண்டு செல்லும், வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் சாமானைத் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான 1990 இஸ்தான்புல் உடன்படிக்கையில் தொழில் கருவிகளுக்கான பிரிவு, கட்டடம் கட்டவும் பழுதுபார்க்கவும் பயன்படும் சாதனங்களை விலக்கிவிட்டு, அவற்றில் கைக்கருவிகளை மட்டும் அனுமதிக்கிறது. அதனால் சிமெண்ட் கலவை மெஷினைக் கொண்டுபோக நினைத்துக் கார்னெட்டுக்குப் பணம் கட்டும் முன் அதை வழங்கும் வணிக சபையில் கேட்டுவிடுங்கள். ஸ்குரூ, பிளேடு போலச் செலவாகிப்போகும் எதற்கும் அது செல்லாது.

விமானத்தில் போகிறவர்களுக்குப் பெரிய தலைவலி பேட்டரிதான். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, 100-க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. அதே 18 வோல்ட்டில் 6 என்றால் 108. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உபரியாக இரண்டுதான் கொண்டுபோகலாம். 9 ஆம்பியர்-மணி பேட்டரி 162, அது பயணப் பையில் போகவே போகாது. கழற்றிய பேட்டரிகளை முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், டிரில் போன்ற கருவிகள் செக்-இன் பெட்டியில். என் நண்பர் ஒருவர் கான்கிரீட்டில் ஆணி அடிக்கும் துப்பாக்கியோடு அதன் வெடிமருந்துக் குப்பிகளையும் பெட்டியில் வைத்துவிட்டார். ஸ்கேனரில் தெரிந்ததும் தனி அறைக்கு அழைத்துப்போய் விசாரித்தார்கள், குப்பிகள் திரும்பி வரவில்லை, விமானமும் போய்விட்டது. அந்தக் குப்பிகளைப் போய்ச் சேரும் இடத்தில்தான் வாங்க வேண்டும்.

மண்வெட்டி, கரண்டியில் மண் துளிகூட இருக்கக் கூடாது, கழுவிக் காய வைத்துக் கட்டுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இதற்காகவே நிறுத்துவார்கள். கப்பலில் மரப்பெட்டியில் அனுப்பினால் மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி பரவாதபடி பதப்படுத்திய மரம் என்பதற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 120 வோல்ட் கருவியை 230 வோல்ட் நாட்டில் ஓட்ட டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்பது டிரில், கிரைண்டருக்குப் பெரும்பாலும் சரி. இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள டேபிள் சா, கலவை மெஷினுக்கு அது போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். இந்த மாதிரிச் சாமானைச் சுமந்துபோவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பதே மேல்.

இன்னொன்று. கிளம்பும்போதே நம் பக்கத்துச் சுங்கத்திலும் அந்தப் பட்டியலில் முத்திரை வாங்கிவிடுங்கள். நான் திரும்பி வரும்போது, இதையெல்லாம் வெளியே வாங்கி வருகிறேன் என்று நினைத்து வரி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். முத்திரை போட்ட பட்டியலை நீட்டியதும் சீரியல் எண்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.