ஷ்வான் செல்லாக மாறிய ஸ்டெம் செல் மூன்றே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது

வணக்கம். எலியின் சயாட்டிக் நரம்பில் (காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு) 10 மி.மீ. இடைவெளியை இணைக்கும் குழாய்க்குள் வைக்க, கொழுப்புத் திசு ஸ்டெம் செல்லை (எலி, மூன்றாம் பாசேஜ், அதாவது மூன்றாம் முறை பிரித்து வளர்த்தது) ஷ்வான் செல் (நரம்பிழையைச் சுற்றி நின்று தாங்கும் செல்) போல மாற்றுகிறோம். மாறுகிறது, ஆனால் நிலைப்பதில்லை.

முறை வழக்கமானதுதான். 1 மில்லிமோலார் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலில் 24 மணி நேரம், பிறகு ரெட்டினோயிக் அமிலம் (மி.லி.க்கு 35 நானோகிராம்) 72 மணி நேரம். அதன்பின் 14 நாள் வளர்ச்சிக் காரணிக் கலவை: ஃபோர்ஸ்கோலின் 14 மைக்ரோமோலார், மி.லி.க்கு பி.எஃப்.ஜி.எஃப். 10, பி.டி.ஜி.எஃப். 5, ஹெரெகுலின் 200 நானோகிராம். 72 மணிக்கு ஒருமுறை மீடியம் மாற்றம்.

14ஆம் நாள் பார்க்கவே நிறைவாக இருக்கும். செல்கள் ஒல்லியாக, இரு முனையும் நீண்டு, மீன்கூட்டம் போல ஒரே திசையில் வரிசை கட்டி நிற்கும். எஸ்100 (ஷ்வான் செல்லின் அடையாளப் புரதம்) நன்றாக ஒளிரும். வளர்ச்சிக் காரணிகளை நிறுத்திய மூன்றாம் நாள் எல்லாம் தட்டையாகப் பரவி, எஸ்100 மங்கிவிடுகிறது. ஃபைப்ரின் ஜெல்லுக்குள்ளும் அப்படியே.

லேமினின் (செல் ஒட்ட உதவும் புரதம்) பூசியதில் ஒட்டுதல் கூடியது, உருவம் நிற்கவில்லை. சீரத்தை 10 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைத்ததில் ஒரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். புது ஃபோர்ஸ்கோலினும் பார்த்தாச்சு. மைக்கோபிளாஸ்மா கிருமித் தொற்றும் இல்லை.

உடலுக்குள் ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) தொட்டால் அதன் நியூரெகுலினே (ஹெரெகுலினும் இதே வகைதான்) செல்லைத் தாங்கும். ஆனால் குழாயின் நடுப்பகுதிக்கு ஆக்ஸான் வந்து சேர நாளாகும்; அதற்குள் செல் திரும்பிவிட்டால் வைத்தும் பயனில்லை.

அந்த முதல் 2 வாரத்துக்கு ஹெரெகுலினைக் குழாய்க்குள்ளேயே மெல்லக் கசியவிட, எந்தப் பொருளில், எந்த அளவில் ஏற்றுகிறீர்கள்?